உள்ளே மேனேஜர் பதவி, வெளியே கூடுதல் சம்பளம்: எதை எடுப்பது?

கேள்வி
11 பிப்ரவரி 2024

தேனியில் மெடிக்கல் ரெப்பாக இருக்கிறேன். 2019 ஜூன் 10-ல் சேர்ந்தேன், ஐந்து வருடம் நெருங்குகிறது. இருமல், சளி, வலி மருந்துகள், ஆன்டிபயாடிக் விற்கும் டிவிஷன். இந்த ஏப்ரலில் மதுரைக்கு ஏரியா மேனேஜராகப் போடுவதாக ரீஜினல் மேனேஜர் சொல்கிறார். சம்பளம் வருடத்துக்கு 7.2 லட்சம், கைக்கு மாதம் 46,500. இதற்கிடையில் வேறொரு கம்பெனியின் சர்க்கரை, இதய மருந்து டிவிஷனில் திண்டுக்கல் ஏரியா மேனேஜர் வேலைக்கு இரண்டு சுற்று நேர்முகம் முடிந்துவிட்டது. அவர்கள் சொல்வது 9 லட்சம். வீட்டில் வெளியே போகச் சொல்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் பழகிய இடத்தை விடாதே என்கிறார்கள். அனுபவப்பட்ட அண்ணன்கள் சொல்லுங்கள்.

பதில்
11 பிப்ரவரி, இரவு

உள்ளேயே இரு தம்பி. ரெப்பாக இருக்கும்போது கம்பெனி மாறுவது வேறு, மேனேஜராக முதல் தடவை உட்காரும்போது மாறுவது வேறு. புது வேலை, புது மருந்து, புது டாக்டர், புது ஆட்கள் எல்லாம் ஒரே மாதத்தில் தலையில் இறங்கும். நான் 2014-ல் அப்படிப் போய்ப் பதினெட்டு மாதம் பட்டிருக்கிறேன். பழகிய இடத்தில் மேனேஜர் வேலையைக் கற்றுக்கொள், இரண்டு வருடம் கழித்து அந்தப் பதவியோடு வெளியே போ. சம்பளம் அப்போது தானாக ஏறும்.

13 பிப்ரவரி

9 லட்சத்துக்கும் 7.2 லட்சத்துக்கும் மாதம் 15,000 வித்தியாசம் என்று இங்கே ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். அது தப்பு. சிடிசி என்று சொல்லும் தொகை, அதாவது கம்பெனி உனக்காகச் செய்யும் மொத்தச் செலவு, அதற்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். இருக்கும், பணிக்கொடைக்கு ஒதுக்குவது இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும், டார்கெட் அடித்தால்தான் கிடைக்கும் தொகையும் இருக்கும். வெளிக் கம்பெனி 9 லட்சத்தைப் பிரித்துக் காட்டிய தாளைத் தம்பியிடம் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000. அதில் 12 சதவீதம் கம்பெனியின் பி.எஃப். பங்கு, வருடத்துக்கு 36,000. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், 14,430. இன்சூரன்ஸ் 8,000. டார்கெட்டோடு சேர்ந்தது 1,80,000. இவ்வளவையும் கழித்தால் மிச்சம் 6,61,570, மாதத்துக்கு 55,000 சொச்சம். அதிலிருந்து உன் பங்கு பி.எஃப். 3,000 போகும். ஆக, கைக்கு வருவது 52,000. உள்ளே மேனேஜர் ஆனால் கைக்கு 46,500 என்று நீயே எழுதியிருக்கிறாய். உண்மையான வித்தியாசம் மாதம் 5,500 ரூபாய். அதுவும் நல்ல பணம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊர் மாறி, ஆள் மாறிப் போவதற்கு 15,000 என்பது ஒரு காரணம், 5,500 என்பது இன்னொரு காரணம். எதற்காகப் போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெட்ரோலும் டி.ஏ. என்கிற தினப்படியும் இந்த 9 லட்சத்துக்கு வெளியே தனியாக வருமா என்று எழுத்தில் கேள். சில கம்பெனிகள் அதையும் உள்ளே சேர்த்துக் காட்டுகின்றன.

14 பிப்ரவரி

மறந்துவிட்டேன். ஜூன் 10 தாண்டாமல் எக்காரணம் கொண்டும் ராஜினாமா கடிதம் கொடுத்து வெளியே வந்துவிடாதே. ஐந்து வருடம் முடியாவிட்டால் பணிக்கொடை கிடையாது. உன் அடிப்படைச் சம்பளம் 22,000 என்றால் 22,000 பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் 5. 63,461 ரூபாய். ஒரு வண்டிக்கு முன்பணம் அது.

17 பிப்ரவரி

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஈரோட்டிலிருந்து ஒரு நண்பர் சரியாகப் பிடித்துவிட்டார். நாலு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்து வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதன்படி பார்த்தால் தம்பிக்கு இப்போதே உரிமை வந்திருக்கலாம்.

இருந்தாலும் என் பேச்சு அதுதான்: ஜூன் 10 வரை இரு. சட்டம் நம் பக்கம் இருப்பது வேறு, ஹெச்.ஆரில் இருப்பவர் ஃபைலை மூடாமல் இழுத்தடிப்பது வேறு. தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எத்தனை தடவை லீவு போட்டு அலைவாய்? தேதி தாண்டிவிட்டால் பேச்சே இல்லை.

பி.எஃப். பணத்தை மட்டும் எடுக்காதே, புது கணக்குக்கு மாற்று. ஐந்து வருடத் தொடர்ச்சி போனால் எடுத்த தொகைக்கு வரி வரும். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், அந்தக் கணக்கும் தொடர வேண்டும்.

19 பிப்ரவரி

பதினெட்டு மாதம் பட்டேன் என்று எழுதினேன், என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

2014 மே மாதம். அப்போது நான் மதுரையில் ரெப், பதினோரு வருட அனுபவம். வெளியே ஒரு கம்பெனி ராமநாதபுரம், சிவகங்கை, காரைக்குடி மூன்றையும் சேர்த்து ஏரியா மேனேஜர் வேலை கொடுத்தது. 40 சதவீதம் கூடுதல். நேர்முகத்தில் அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நான் கேட்டது சம்பளம் மட்டும்.

சேர்ந்த இரண்டாவது வாரம் ராமநாதபுரம் ஸ்டாக்கிஸ்டை, கம்பெனியிடம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பவரை, பார்க்கப் போனேன். வயதான மனிதர். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. கல்லாவிலிருந்து எழுந்து பின்னறைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். சுவரோரமாக அட்டைப்பெட்டிகள், இடுப்பு உயரத்துக்கு. ஒன்றைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குழந்தைகளுக்கான சிரப். மருந்து அடியில் இளஞ்சிவப்பாகப் படிந்து, மேலே வெறும் தண்ணீராக நின்றது. லேபிளில் தேதி முடிந்து பதினான்கு மாதம். "இதுக்கு கிரெடிட் நோட் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டு மூணு மேனேஜர் போயிட்டாங்க. நீங்க நாலாவது"ன்னார்.

கிரெடிட் நோட் என்றால் திரும்ப எடுக்கும் சரக்கின் விலையை அவர் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு. அந்தப் பெட்டிகளின் விலை 1,86,000 ரூபாய். மூன்று பேரும் மார்ச் குளோசிங்குக்காக, அதாவது வருடக் கணக்கு முடிக்க, அவர் தலையில் சரக்கை ஏற்றியிருக்கிறார்கள். கம்பெனி புத்தகத்தில் அது விற்பனை, அவர் பின்னறையில் அது குப்பை. அவர் புது ஆர்டர் கொடுக்க மாட்டார், கொடுக்காதது நியாயம். ஆர்டர் இல்லாமல் கடையில் சரக்கு இல்லை, கடையில் சரக்கு இல்லாமல் டாக்டர் எழுதிப் பிரயோஜனமில்லை. மாதா மாதம் ரீஜினல் மீட்டிங்கில் எழுந்து நின்று நான் பதில் சொன்னேன். பதினெட்டு மாதத்தில் கிரெடிட் நோட் பாதிதான் வாங்கித் தர முடிந்தது. மீதியை வாங்கித் தராமலேயே நானும் வந்துவிட்டேன். அந்தப் பெரியவரின் முகம் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று நேர்முகத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர்கள் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்குத் தோன்றியிருந்தால் ராமநாதபுரத்துக்கு ஒரு பஸ் ஏறியிருப்பேன். மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரம்.

20 பிப்ரவரி

தம்பி, அதனால் சொல்கிறேன், உனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்யச் சொல்கிறேன். கடை கடையாகப் போய் எந்த டாக்டர் எதை எழுதுகிறார் என்று கெமிஸ்டிடம் கேட்டு எடுக்கிறாய் அல்லவா? அதையே அந்தக் கம்பெனியைப் பற்றி எடு. திண்டுக்கல்லில் அவர்கள் ஸ்டாக்கிஸ்ட் யார் என்று கண்டுபிடி. எக்ஸ்பைரி சரக்குக்கு எத்தனை மாதத்தில் கிரெடிட் நோட் வருகிறது, மார்ச்சில் எவ்வளவு தள்ளினார்கள், ஏப்ரலில் எவ்வளவு திரும்பியது, முந்தைய மேனேஜர் ஏன் போனார். இந்த நாலையும் கேள். ஸ்டாக்கிஸ்ட் பொய் சொல்ல மாட்டார். அவருக்கு நம் கம்பெனியும் ஒன்றுதான், அந்தக் கம்பெனியும் ஒன்றுதான்.

25 பிப்ரவரி

ராத்திரி படுத்தபிறகு ஒன்று உறுத்தியது. வெளியே இருப்பதைத்தான் விசாரிக்கச் சொன்னேன். உள்ளே இருப்பதை விசாரிக்கச் சொல்லவில்லை. முதல் நாள் எழுதிய குறிப்பில் நான் ஒரு விஷயத்தை விழுங்கிவிட்டேன்.

2014-ல் நான் வெளியே போனதற்கே காரணம் 2011-ல் நடந்தது. அப்போதைய ரீஜினல் மேனேஜர், நல்ல மனிதர், அடுத்த ஏப்ரலில் உன்னை மேனேஜர் ஆக்குகிறேன் என்று வாயால் சொன்னார். அதை நம்பி வெளியே வந்த ஒரு வேலையை வேண்டாம் என்றேன். நாலே மாதத்தில் அவரே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு என்னைத் தெரியாது. அந்த இடத்துக்கு அவர் தன்னோடு முன்பு வேலை செய்த ஒருவரைக் கொண்டுவந்தார். பழைய பேச்சைச் சொன்னபோது, "எங்கே, லெட்டர் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. அவர் மேல் தப்பும் இல்லை.

ஆகவே தம்பி, "போடுவதாகச் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறாயே, அது பதவி உயர்வு இல்லை. பேச்சு. உனக்கு இப்போது கையில் இருப்பது இரண்டு வேலை அல்ல. ஒரு பேச்சும் ஒரு பாதி நேர்முகமும்தான். உள்ளேயும் அதே நாலு கேள்வியைக் கேள். அந்த மதுரை நாற்காலி ஏன் காலி?

கேட்டவரிடமிருந்து
2 மார்ச் 2024

அண்ணே, இரண்டு பக்கமும் விசாரித்தேன். திண்டுக்கல்லில் ஸ்டாக்கிஸ்ட் சொன்னது: எக்ஸ்பைரிக்கு இரண்டு மாதத்தில் கிரெடிட் நோட் வந்துவிடுகிறது. மார்ச்சில் கொஞ்சம் தள்ளுவார்கள், ஆனால் தாங்குகிற அளவுக்குள்தான் தள்ளுவார்கள். பழைய மேனேஜர் திருச்சிக்கு ரீஜினல் மேனேஜராகப் போகிறார், அதனால் இடம் காலி. ரெப் நாலு பேரும் இருக்கிறார்கள், குறைந்தது மூன்று வருடம் ஆனவர்கள்.

நம்ம பக்கம் மதுரை ஏரியாவில் நாலு ஹெட்குவார்ட்டர்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெப். மதுரை ஒன்று, மதுரை இரண்டு, ராமநாதபுரம், விருதுநகர். இதில் "மதுரை இரண்டு", ராமநாதபுரம் ஆகிய இரண்டு இடத்திலும் ஏழு மாதமாக ஆள் இல்லை. எடுக்கப்போகிறோம் என்கிறார்கள். லெட்டர் கேட்டேன், ஏப்ரல் மீட்டிங்கில் வரும் என்றார்.

3 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை. பேப்பர் எடுத்து வைத்து உட்கார்ந்தேன்.

ஹெட்குவார்ட்டர்ஸுக்கு மாத டார்கெட் 4 லட்சம் என்று வைத்துக்கொள், நாலுக்கும் 16 லட்சம். ஆள் இல்லாத இரண்டும் பழைய பழக்கத்தில் 60 சதவீதம் ஓடும் என்று தாராளமாகவே வைப்போம், 4.8 லட்சம். டீமுக்கு இன்சென்டிவ் தொடங்குவது 95 சதவீதத்தில் என்றாய், அது 15.2 லட்சம். மீதி 10.4 லட்சத்தை இருக்கிற இரண்டு ரெப்பும் கொண்டுவர வேண்டும். ஆளுக்கு 5.2 லட்சம். 4 லட்சம் டார்கெட் இருப்பவன் மாதா மாதம் 130 சதவீதம் செய்ய வேண்டும், அப்போதுதான் உனக்கு முதல் ரூபாய் இன்சென்டிவ். ஆள் இல்லாத இடத்துக்கும் டார்கெட் உண்டு என்பது ரெப்பாக இருக்கும்வரை நமக்குத் தெரிவதில்லை. காலி இடத்தின் பாரத்தை மேனேஜர்தான் சுமக்கிறான், அங்கே ரெப் வேலையும் அவன்தான் பார்க்கிறான். காலையில் ராமநாதபுரம், மாலையில் மதுரை.

முதல் நாள் "உள்ளேயே இரு" என்று எழுதினேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் 2014-ஐ வைத்து உன் 2024-க்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எனக்கு வெளியே இருந்தது குழி. உனக்கு உள்ளே இருப்பது குழி மாதிரி தெரிகிறது.

முழுக்கத் தள்ளவும் வேண்டாம். ரீஜினல் மேனேஜரிடம் மரியாதையாக ஒன்று கேள்: "சார், ரெண்டு இடமும் நிரம்புற வரைக்கும் அந்த ரெண்டோட டார்கெட்டை டீம் கணக்கிலிருந்து எடுத்துடுவீங்களா?" எடுக்கிறேன் என்று மெயில் வந்தால் உள்ளே இருப்பதும் நல்ல வேலைதான். உனக்குத் தெரிந்த டாக்டர்கள், தெரிந்த மருந்து.

15 மார்ச்

செவ்வாய்க்கிழமை, 12-ம் தேதி, மத்திய அரசின் மருந்துத் துறை, மருந்துக் கம்பெனிகள் எப்படி விற்க வேண்டும் என்பதற்கான யு.சி.பி.எம்.பி. 2024 விதிமுறையை வெளியிட்டிருக்கிறது. டாக்டருக்கோ குடும்பத்துக்கோ சொந்த உபயோகத்துக்குப் பரிசு கூடாது. கருத்தரங்கில் பேசுபவராக இல்லாமல் விமான டிக்கெட், ஓட்டல் கூடாது. ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருடத்துக்கு 12 சாம்பிள் பாக்கெட்டுக்கு மேல் கூடாது. சாம்பிளின் மொத்த மதிப்பு கம்பெனியின் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிராண்டை நினைவூட்டும் பொருள் எதுவும் ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது.

இதை ஏன் இந்த இழையில் எழுதுகிறேன் என்றால், நீ எடுக்கப்போகும் முடிவில் இதுவும் ஒரு கணக்கு. கொடுத்துக் கொடுத்தே விற்ற டிவிஷனுக்கு இந்த வருடம் தடுமாற்றம் வரும். மருந்தைப் பேசி விற்ற டிவிஷன் நிற்கும். இரண்டு கம்பெனியில் எது எப்படி விற்றது என்று உனக்கே தெரியும், இங்கே எழுதாதே.

நான் மனதார வரவேற்கிறேன். ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி ஐந்து நிமிஷம் தெளிவாகப் பேசத் தெரிந்த ரெப்புக்கு மதிப்பு வர வேண்டும். மூன்று மாதம் வாசலில் நின்று ஒரு டாக்டரிடம் ஒரு நல்ல மருந்தை எடுத்துச் சொல்லி அவர் எழுத ஆரம்பிப்பதைப் பார்த்த சந்தோஷம் எனக்கு எந்த இன்சென்டிவிலும் கிடைத்ததில்லை.

24 மார்ச்

சிவகாசி நண்பர் கேட்டிருக்கும் கேள்வி முக்கியமானது: மேனேஜர் ஆனால் சங்கப் பாதுகாப்பு போய்விடுமா?

2024 நிலவரப்படி, 1976-ல் வந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம்தான் நமக்குக் குடை. வேலை நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும், வேலை செய்த நாளில் பதினோரில் ஒரு பங்கு சம்பளத்தோடு விடுப்பு, மருத்துவச் சான்றோடு அரைச் சம்பள விடுப்பு, வேலையை விட்டு நீக்கினால் தொழிற்தகராறு சட்டத்தின் கதவைத் தட்டும் வழி, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் முக்கியமாக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை அந்தச் சட்டம் சேர்ப்பதில்லை. மேற்பார்வை செய்பவர் மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கினாலும் சேர்ப்பதில்லை. 1,600 இன்றைக்கு ஒரு நாள் டி.ஏ.வும் பெட்ரோலும். ஆகவே ஏரியா மேனேஜர் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடும் நாளில் அந்தக் குடையைவிட்டு வெளியே வருகிறோம். பணிக்கொடை, பி.எஃப். இரண்டும் போகாது, அவற்றுக்கு வேறு சட்டம்.

இது உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். அதனால் முடிவை மாற்றாது. ஆனால் கடிதத்தில் "இந்தியாவில் எங்கும் மாற்றலாம்" என்ற வரி இருக்கும், அதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. உன் மனைவி தேனியில் ஆசிரியை. திண்டுக்கல் என்றால் தினமும் வீட்டுக்கு வரலாம்.

2 ஏப்ரல்

மார்ச் குளோசிங் முடிந்து மூச்சு விட இன்றைக்குத்தான் நேரம். இரண்டு இடத்திலும் யாரும் கேட்காத ஒன்றை எழுதுகிறேன்.

உள்ளே மேனேஜர் ஆனால், நேற்றுவரை கூட நின்றவர்களுக்கு நீ மேலாள். வெளிக் கம்பெனி வேலைதான் புதிது என்று நினைக்கிறோம், இதுவும் புதிதுதான்.

2016-ல், ராமநாதபுரத்திலிருந்து திரும்பி வேறொரு கம்பெனியில் ரெப்பாகச் சேர்ந்து, அங்கேயே மேனேஜர் ஆனேன். முதல் ஜாயின்ட் ஒர்க், அதாவது மேனேஜர் ரெப்போடு சேர்ந்து டாக்டர்களைப் பார்ப்பது, என் நெருங்கிய நண்பனோடு. மாப்ளே, மாப்ளே என்று ஒரே வண்டியில் சுற்றியவன். கே.கே. நகரில் ஒரு டாக்டர், கடைசி ஆளாக எங்களைக் கூப்பிட ராத்திரி பத்தரை ஆனது. எதிரே டீக்கடை. எப்போதும் அவன்தான் இரண்டு டீ சொல்வான், யார் சில்லறை வைத்திருக்கிறோமோ அவர் கொடுப்பார். அன்றைக்கு அவன் ஒரு டீ சொன்னான். தன் பத்து ரூபாயைத் தனியாக எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கு?" என்றான். கோபமில்லை. எப்படி நடந்துகொள்வது என்று அவனுக்கும் தெரியவில்லை. அந்த "சார்" எனக்கு எவ்வளவு வலித்தது என்று அவனுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

சரியாக ஒரு வருடம் ஆனது அது இளக. மதுரை ஒன்றில் இருக்கும் பையன் உன்னோடு ஒரே பேட்ச்சில் டிரெயினிங் முடித்தவன் என்று சொன்னாய். வெளியே போனால் இந்த ஒரு சங்கடம் இல்லை. அவர்கள் உன்னை முதல் நாளிலிருந்தே மேனேஜராகத்தான் பார்ப்பார்கள்.

24 ஏப்ரல்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார், அதற்கு நாலு நாள் முன்னால் தேர்தல், மதுரையில் ஒரு கிளினிக்கும் ஒழுங்காகத் திறக்கவில்லை. வைகைக்கரையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தபோதுதான் தம்பியிடமிருந்து போன் வந்தது. ஏப்ரல் மீட்டிங் முடிந்துவிட்டது, லெட்டர் வரவில்லை, ஜூனில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். டார்கெட்டைக் குறைக்கும் பேச்சுக்குப் பதிலே இல்லை.

"வெளியே லெட்டர் வந்ததும் அதைக் காட்டி உள்ளே கேட்கவா அண்ணே?" என்றான். வேண்டாம் என்று சொன்னேன். போனை வைத்தபிறகு யோசித்துப் பார்க்கிறேன், அது சரியான பதிலா?

காட்டினால் கிடைக்கும், பலருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அப்படி வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்தபிறகு ஒவ்வொரு மீட்டிங்கிலும் இவன் போகப் பார்த்தவன் என்ற நினைப்பு மேலே இருப்பவருக்கு இருக்கும். காலி இடத்தை அதற்காக நிரப்பவும் மாட்டார்கள். உன் குறை சம்பளமாக இருந்தால் கடிதத்தைக் காட்டலாம், அது பணத்தால் தீர்கிற விஷயம். உன் குறை ஆள் இல்லாத இரண்டு ஹெட்குவார்ட்டர்ஸ். அதை எந்தக் கடிதமும் தீர்க்காது. இதைத்தான் போனில் சொல்லியிருக்க வேண்டும், சத்தத்தில் வார்த்தை வரவில்லை.

கேட்டவரிடமிருந்து
12 மே 2024

திண்டுக்கல் வேலைக்கான லெட்டர் ஏப்ரல் 30 வந்தது. பெட்ரோல், டி.ஏ. தனி என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஜூன் 19 சேர ஒத்துக்கொண்டார்கள். 15-ம் தேதி ராஜினாமா கொடுக்கிறேன், ஒரு மாத நோட்டீஸ், ஜூன் 14 கடைசி நாள். ரீஜினல் மேனேஜரிடம் நேரில் போய்த்தான் சொல்லப்போகிறேன். டாக்டரிடம் மருந்தை எடுத்துச் சொல்லும் டீட்டெயிலிங்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

12 மே, இரவு

நேரில் போய்ச் சொல். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், காலி இடத்தை நிரப்ப அவர் கையில் அதிகாரம் இல்லாமலும் இருக்கலாம். கையில் இருக்கும் சாம்பிள், பை, டேப் எல்லாவற்றையும் எண்ணி எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கு. தேனி ஸ்டாக்கிஸ்டிடம் உன் பெயரில் தீராத எக்ஸ்பைரி இருந்தால் இந்த ஒரு மாதத்தில் அதற்குக் கிரெடிட் நோட் போட வைத்துவிட்டுப் போ. இதை நான் செய்யாமல் வந்தேன்.

21 ஜூலை

பணிக்கொடை 63,461 ரூபாய் ஜூலை 11 கணக்கில் ஏறியதாகத் தம்பி எழுதியிருக்கிறான். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதற்குள் கொடுத்துவிட்டார்கள். பழைய கம்பெனியைப் பற்றி இந்த இழையில் சிலர் கடுமையாக எழுதியிருந்தீர்கள். இதையும் எழுத வேண்டும் அல்லவா?

25 ஆகஸ்ட்

156 கூட்டு மருந்துகளுக்கு மத்திய அரசு தடை போட்டிருக்கிறது. செட்ரிசின், பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மாத்திரையும், அசெக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 சேர்ந்த வலி மாத்திரையும் பட்டியலில் இருக்கின்றன. தம்பியின் பழைய டிவிஷனில் இரண்டுமே உண்டு. ரெப்கள் பெட்டி பெட்டியாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலம் வரப்போகும் நேரத்தில் சளி மாத்திரை இல்லாமல் டார்கெட்டை எப்படித் தொடுவார்கள்?

வெளியே போனது சரியாகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லாதீர்கள். பிப்ரவரியில் இது யாருக்கும் தெரியாது. அவன் முடிவெடுத்தது ஸ்டாக்கிஸ்ட் சொன்னதை வைத்து, காலி இடத்தை எண்ணிப் பார்த்து. அங்கே மிச்சமிருக்கும் பையன்களில் யாராவது இதைப் படித்தால், என்னிடம் கேளுங்கள். தெரிந்த இடங்களில் சொல்கிறேன்.

6 அக்டோபர்

தம்பிக்குத் திண்டுக்கல்லில் ஒரு காலாண்டு முடிந்தது. சுலபமாக இல்லை. சர்க்கரை மருந்தில் டாக்டர் ஒரு மாத்திரையை மாற்ற ஆறு மாதம் யோசிப்பார், நோயாளிக்கு ஒத்துப்போன ஒன்றை யார் மாற்றுவார்கள்? டீம் 91 சதவீதம். டார்கெட்டோடு சேர்ந்த தொகையில் முதல் தவணை முழுதாக வரவில்லை. மாத்திரை ஒரு தடவை எழுதப்பட்டுவிட்டால் மாதா மாதம் அதே நோயாளி அதே கடைக்கு வருவார் என்பது மட்டும்தான் இதில் ஆறுதல், இருமல் மருந்தில் அது கிடையாது.

நேற்று ராத்திரி அவனுடைய ஏரியா ஷீட்டைப் பார்க்கச் சொல்லி அனுப்பினான், எண்களை மறைத்துவிட்டு. கம்பெனி கொடுத்த படிவம்தான்: ஸ்டாக்கிஸ்ட், பிரைமரி (கம்பெனி அவருக்கு விற்றது), செகண்டரி (அவர் கடைகளுக்கு விற்றது), கையிருப்பு. கடைசியில் அவனாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறான். தலைப்பு: "எக்ஸ்பைரி, எத்தனை நாளாக". பழனி ஸ்டாக்கிஸ்டுக்கு நேரே 41 என்று இருந்தது, சிவப்பில்.

காலையில் போன் போட்டேன். எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து மெசேஜ் வந்தது: "பழனி பஸ்ல இருக்கேன் அண்ணே."